இருவரும் ஒத்துக்கொண்டது

மைசூரு
15 ஜூன் 2025

அன்புள்ள பெட்டி,

ஜோவிதா எழுதும் கடிதம். உன் உடம்பும் உன் செபமும் நலமா? இங்கே அப்பா, அம்மா, அண்ணன், நான் நால்வரும் ஆண்டவர் கிருபையில் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்னதாகவே வலித்து, துணி காயப்போடாதே என்று எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது.

நீ கன்னியாஸ்திரீ பயிற்சிக்குப் போயிருக்கும் ஏற்காட்டு நவதுறவகத்தில் போன் கூடாது, கடிதம்தான் என்று உன் அம்மா, ஹெப்பாள் அத்தை சொன்னாள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கற்ற தமிழ் இதற்காவது உதவட்டும். பிழை இருந்தால் சிரிக்காதே. உன் தமிழும் அதே வகுப்புத் தமிழ்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் சட்ட நுழைவுத் தேர்வை மறுபடி எழுதப் போகிறேன். லாஜிக் பகுதியில் மற்றதெல்லாம் ஓரளவு வருகிறது. இரண்டு பேர் பேசுவார்களே, "இவர்கள் எந்த விஷயத்தில் மாறுபடுகிறார்கள்?" என்று கேட்பார்களே, அதில்தான் சறுக்குகிறேன். ஆறு கேள்விக்கு நாலு தப்பு. நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கோச்சிங் படித்தவர்கள். நீ ரேங்க் வாங்கிவிட்டு, சீட்டு வேண்டாம் என்று மடத்துக்குப் போனாய். நான் தோற்றுப்போய் நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி ஆபீசுக்குப் போனேன். ஆகவே எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது உன் பொறுப்பு. அத்தை மகள் என்றால் சும்மாவா?

என் வேலை உனக்குத் தெரியும். காலை ஒன்பதரை மீட்டிங்கில் யார் என்ன சொன்னார்கள் என்று டைப் அடித்து மினிட்ஸ் தயாரிப்பது. லாய்ட் அண்ணன் அதே காம்பவுண்டில் பாய்லர் ஆபரேட்டர். ஒரே பஸ்ஸில் போகிறோம், வழியெல்லாம் சண்டை. நீ போன பிறகு அவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவனும் எடுப்பதில்லை.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
ஜோவிதா


ஏற்காடு
6 ஜூலை 2025

அன்புள்ள ஜோவி,

மரியே வாழ்க. நான் நலம். குளிருக்குப் பயந்து குளிப்பதைத் தவிர மற்ற எல்லா ஒழுங்குகளையும் கடைப்பிடிக்கிறேன். மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும்தான் இங்கே கடிதம் எழுதலாம். மற்ற பிள்ளைகள் வீட்டுக்குத் தோட்டத்துப் பூக்களைப் பற்றி எழுதுகிறார்கள். நான் லாஜிக் எழுதுகிறேன். மதர் எட்டிப் பார்த்து "இது எந்த வேதம்?" என்றார். "சந்தேகத் தோமையார் வேதம்" என்றேன்.

உன் தப்பு என்ன தெரியுமா? இரண்டு பேரில் யார் பேசுவது சரி என்று பார்க்கிறாய். உன்னை யாரும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடவில்லை. எதில் முட்டிக்கொள்கிறார்கள் என்று மட்டும் பார். உதாரணம் சொல்கிறேன்.

ஒருத்தி சொல்கிறாள்: "நஞ்சன்கூடு பஸ் எப்பவும் லேட். ரயில்ல போனா நேரத்துக்குப் போயிடலாம்." இன்னொருத்தி: "ரயில்ல போனாலும் நேரத்துக்குப் போக முடியாது. உக்கார இடம் வேணா கிடைக்கும்."

எதில் மாறுபாடு? "பஸ் லேட்" என்று விடை போட்டால் அவுட். இரண்டாமவள் பஸ்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறக்காத வாயில் கருத்தைத் திணிக்காதே. "உட்கார இடம்" என்றாலும் அவுட். அதைப் பற்றி முதலாமவள் பேசவில்லை. ரயிலில் போனால் நேரத்துக்குப் போகலாமா? ஒருத்தி ஆம், ஒருத்தி இல்லை. அதுதான் விடை.

ஆகவே ஒவ்வொரு விடையிடமும் மூன்று கேள்வி கேள். முதல் ஆள் இதைப் பற்றிச் சொன்னாரா? இரண்டாம் ஆள் சொன்னாரா? இருவரும் எதிரெதிரா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் பென்சிலால் அடி. முக்கியமாக, இருவரும் ஒத்துக்கொண்ட விஷயத்தை இரக்கமே காட்டாமல் அடி. அது உண்மை மாதிரி பளபளக்கும், அதனால்தான் பாதிப் பேர் அதில் விழுகிறார்கள்.

மாமாவுக்கும் மாமிக்கும், மாமியின் முழங்காலுக்கும், உன் பஸ் கண்டக்டருக்கும் என் வாழ்த்துகள்.

பெட்டி


மைசூரு
20 ஜூலை 2025

அன்புள்ள பெட்டி,

நலம், நலமறிய ஆவல். கண்டக்டரைக்கூட விசாரித்தாய். ஒருவனை மட்டும் விட்டுவிட்டாய். அவன் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு "அங்க ரொம்பக் குளிருதாமா?" என்று மட்டும் கேட்டான். இப்போது சொல், வாய் திறக்காதவர்களுக்குக் கருத்தே கிடையாதா?

சரி, விடு. பயிற்சிக்குப் புத்தகமே வேண்டாம், எங்கள் மீட்டிங்கே போதும். பராமரிப்பு இன்ஜினியர் பசவராஜ் சாரும் உற்பத்தி மேனேஜர் சுசித்ரா மேடமும் மூன்று வருடமாக எதிரும் புதிரும். அவர் பகல் என்றால் இவர் விளக்கைப் போடுவார். கன்னடத்தில் நடந்ததை உனக்காகத் தமிழில் தருகிறேன்.

பசவராஜ்: "பாய்லர்லேர்ந்து வர்ற ஸ்டீம் பைப்போட வளைவு தேஞ்சு போச்சு மேடம். அளந்து பாத்தேன், பாதிக் கனம்தான் இருக்கு. மாத்தியே ஆகணும். ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் பிளான்ட்ட நிறுத்திக் குடுங்க."

சுசித்ரா: "தேஞ்சிருக்குன்னு எனக்கும் தெரியும், மாத்தணும்கறதும் சரி. ஆனா ஆயுத பூஜைக்கு நிறுத்த முடியாது. ஆர்டர் நிக்குது. டிசம்பர்ல பாத்துக்கலாம்."

நானே விடைகள் போட்டுப் பார்த்தேன். குழாய் தேய்ந்துவிட்டது: இருவரும் ஒத்துக்கொண்டார்கள், அடித்தேன். மாற்ற வேண்டும்: ஒத்துக்கொண்டார்கள், அடித்தேன். ஆர்டர் நிற்கிறது: மேடம் மட்டும் சொன்னார், அடித்தேன். ஆயுத பூஜைக்கு பிளான்ட்டை நிறுத்த வேண்டும்: ஒருவர் ஆம், ஒருவர் இல்லை. சரிதானே?

இதில் ஒரு லாபமும் கிடைத்தது. முன்பெல்லாம் பேசியது அத்தனையும் டைப் அடித்து இரண்டு பக்கம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். இப்போது உன் பென்சிலை மினிட்ஸிலும் வைத்துவிட்டேன். ஒத்துக்கொண்டதை எதற்கு எழுதுவது? முடிவாகாததை மட்டும் எழுதுகிறேன். "பிளான்ட் நிறுத்தும் தேதி: முடிவாகவில்லை." அவ்வளவுதான், அரைப் பக்கம். மேடம் "இப்பத்தான் மினிட்ஸ் மாதிரி இருக்கு" என்றார். பசவராஜ் சாரும் தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒன்றாகத் தலையாட்டி அன்றுதான் பார்த்தேன்.

ஜோவிதா


ஏற்காடு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜோவி,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம். உன் விடைக்கு நூற்றுக்கு நூறு. மதர் அனுமதியோடு உன் பசவராஜையும் சுசித்ராவையும் இரவு உணவுக்குப் பின் பொழுதுபோக்கு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். சமையல்கட்டு சிஸ்டர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்குள் சாம்பாரில் வெல்லம் போடுவது பற்றி இதே நிலைமை.

அடுத்த பாடம். சில நேரம் இருவரும் முடிவில் ஒத்துப்போய், காரணத்தில் முட்டிக்கொள்வார்கள். சில நேரம் காரணத்தில் ஒத்துப்போய், முடிவில் முட்டிக்கொள்வார்கள். குரல் உயர்வதைப் பார்த்து ஏமாறாதே, எங்கே ஆம், எங்கே இல்லை என்று மட்டும் பார்.

இதற்கு நேர்மாறான கேள்வியும் உண்டு: "இருவரும் எதில் ஒத்துப்போகிறார்கள்?" அது அபூர்வமாகத்தான் வரும். அதற்கென்று உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதே.

அந்த இருவரையும் இன்னும் அனுப்பு. மாமாவுக்கும் மாமிக்கும் என் அன்பு.

பெட்டி


மைசூரு
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பெட்டி,

பதில் எழுத நான்கு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லோரும் சுமாராக நலம். அண்ணனுக்குக் கழுத்தில் ஒரு கொப்புளம். அந்தக் குழாய்க்குக் கீழே போகும்போது ஆவி அடித்ததாம். மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறோம்.

குழாயின் வளைவில் ஊசித் துளை விழுந்துவிட்டது. அதன்மேல் இரும்புப் பட்டை வைத்து இறுக்கியிருக்கிறார்கள், கிளாம்ப் என்கிறார்கள். மறுநாள் மீட்டிங்கில் ஒரே அமர்க்களம். உனக்குக் கொண்டாட்டம்தான்.

பசவராஜ்: "இதே அழுத்தத்துல ஓட்டினா கிளாம்ப் ஆயுத பூஜையத் தாண்டாது."

சுசித்ரா: "இதே அழுத்தத்துல தாண்டாதுதான். கொஞ்சம் கொறச்சு ஓட்டினா டிசம்பர் வரைக்கும் வரும்."

பசவராஜ்: "கொறச்சாலும் வராது மேடம். எழுதி வேணா தரேன்."

சுசித்ரா: "எழுதினா முதல்ல உங்க டிபார்ட்மென்ட்டத்தான் கேப்பாங்க, ஏன் முன்னாடியே பாக்கலைன்னு."

அவர் எழுதித் தரவில்லை. என் விடை: அழுத்தத்தைக் குறைத்தால் டிசம்பர் வரை தாங்குமா என்பதில்தான் மாறுபாடு. இதே அழுத்தத்தில் தாங்காது என்பது இருவரும் சொன்னது, ஆகவே அடித்தேன். மினிட்ஸில்: "கிளாம்ப் தாங்கும் காலம்: முடிவாகவில்லை."

அழுத்தத்தைக் குறைத்தார்களா என்று பஸ்ஸில் அண்ணனைக் கேட்டேன். "ரெண்டு நாள் கொறச்சாங்க. அப்புறம் உற்பத்தி பத்தலைன்னு மேடம் பழையபடி ஏத்தச் சொல்லிட்டாங்க" என்றான். அம்மா லீவு போடச் சொன்னாள். "லைசென்ஸ் வச்சிருக்கறது நானும் மதனும்தான். நான் போகலைன்னா அவன் டபுள் ஷிப்ட் பாக்கணும், அவனுக்குக் கைக்குழந்தை" என்கிறான். இப்போது குழாய்க்குக் கீழே போகாமல் சுற்றிக்கொண்டு போகிறானாம். எனக்கும் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் தினமும் இரண்டு பெரியவர்கள் அதைப் பற்றியே சண்டை போடுகிறார்களே, பார்த்துக்கொள்வார்கள்.

ஜோவிதா


ஏற்காடு
7 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜோவி,

நலம். நாளை மாதா பிறந்தநாள் திருநாள், வேலை அதிகம். உன் விடை சரி.

கொப்புளத்துக்கு மஞ்சள் வேண்டாம். டாக்டரிடம் காட்டச் சொல்.

இன்னொன்று எழுத நினைத்தேன். வேண்டாம், எனக்கே தெளிவாக இல்லை. உன் கடிதங்களை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு எழுதுகிறேன்.

பெட்டி


மைசூரு
21 செப்டம்பர் 2025

அன்புள்ள பெட்டி,

இயேசுவுக்குப் புகழ். மாதிரித் தேர்வில் உன் வகைக் கேள்விகள் பத்துக்கு ஒன்பது! பாராட்டி நான்கு வரியாவது எழுது. போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது.

அண்ணனுக்குக் கழுத்து ஆறிவிட்டது, தழும்புதான் இருக்கிறது. "டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி எழுதியிருக்கா" என்றதும் மறுநாளே போய்க் காட்டிவிட்டு வந்தான். நாங்கள் ஒரு வாரமாகச் சொன்னது காதில் விழவில்லை.

உனக்கு அனுப்ப இந்தத் தடவை சண்டை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மீட்டிங் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆயுத பூஜைக்கு பிளான்ட் நிற்காது, ஓடிக்கொண்டிருக்கும்போதே பூஜை போட்டுக்கொள்ளலாம் என்றார் மேடம். மேலிடத்து உத்தரவாம். நான் பேனாவோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். பசவராஜ் சார் "சரி மேடம்" என்றார். அவ்வளவுதான். பிறகு இருவரும் அந்த இரண்டு நாளும் தங்களுக்கு லீவு சொல்லிக்கொண்டார்கள். மாறுபாடு இல்லாததால் மினிட்ஸில் எழுதவும் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அண்ணனுக்குத்தான் டியூட்டி. எங்கள் கம்பெனியில் அது வழக்கம். ஆயுத பூஜைக்கு இந்துப் பையன்கள் வீட்டில் வண்டிக்குப் பூஜை போடப் போவார்கள், கிறிஸ்தவர்கள் ஷிப்டை ஏற்றுக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் நமக்காக வருவார்கள். மதன் கேட்டான், அண்ணன் சரி என்றுவிட்டான்.

"நான் நல்லா இருக்கேன்னு எழுது" என்றான். எழுதிவிட்டேன்.

ஜோவிதா


ஏற்காடு
28 செப்டம்பர் 2025

ஜோவி,

இது எங்கள் கடித ஞாயிறு இல்லை. அனுமதி வாங்கி எழுதுகிறேன்.

உன் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். விடைகளைப் பார்க்கவில்லை. நீ அடித்ததை மட்டும் பார்த்தேன். குழாய் தேய்ந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். இதே அழுத்தத்தில் ஆயுத பூஜையைத் தாண்டாது. எல்லாம் இருவரும் ஒத்துக்கொண்டது. அழுத்தத்தையும் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் தேதிக்குத்தான் சண்டை போட்டார்கள். வெடிக்கும் என்பதில் அவர்களுக்குள் சண்டையே இல்லை.

உன் அண்ணனை அன்று போகவிடாதே. காய்ச்சல் என்று சொல், கதவைப் பூட்டு, என்ன வேண்டுமானாலும் செய். நான் சொன்னதாகச் சொல்.

பெட்டி


மைசூரு
12 அக்டோபர் 2025

பெட்டி,

அத்தை மடத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னதாகச் சொன்னாள். ஆனாலும் நானும் எழுத வேண்டும்.

உன் கடிதம் நான்காம் தேதி சனிக்கிழமை வந்தது. தசரா விடுமுறையில் தபால் ஆபீஸ் மூடியிருந்ததாம். குழாய் வெடித்தது முதல் தேதி, ஆயுத பூஜை அன்று, காலை பதினொன்றுக்கு. நான் ஆபீஸ் வாசலில் பொரியும் இனிப்பும் வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன்.

துப்புரவு வேலை செய்யும் ராணி அக்கா அந்தக் குழாய்க்குக் கீழே பம்புக்குச் செவ்வந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தாளாம். கிளாம்ப் சீறுவதைப் பார்த்து அண்ணன் "ஓடுக்கா!" என்று கத்தி அவளை வெளியே தள்ளியிருக்கிறான். பிறகு மெயின் வால்வை மூடத் திரும்பிப் போனான். வால்வு அந்த வளைவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். சனிக்கிழமை மாலை நினைவு நன்றாக இருந்தது. உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. "பெட்டி லெட்டர் போட்டிருக்கா" என்றேன். "என்ன எழுதியிருக்கா?" என்றான். எழுதியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீ எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கா" என்றேன். "ம்" என்றான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன், கட்டுக்குள் முகம் தெரியவில்லை. ஞாயிறு காலை பூசை மணி அடிக்கும்போது போய்விட்டான்.

அப்பா பேசுவதில்லை. அம்மா அவன் சட்டைகளைத் துவைத்ததையே துவைக்கிறாள்.

நான் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன், பெட்டி. என் காதால் கேட்டேன். கேட்டு, அடித்தேன்.

ஜோவிதா


ஏற்காடு
19 அக்டோபர் 2025

ஜோவி,

ஆண்டவர் உங்களைத் தேற்றட்டும் என்று எழுதத்தான் எனக்கு இங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கு அது எழுத வரவில்லை. லாய்ட் அத்தான் இல்லை என்று எழுதிப் பார்க்கிறேன், அதுவும் வரவில்லை.

நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதற்கு முன் இதைப் படி. உன் கடிதம் எனக்கு செப்டம்பர் இருபத்தைந்து, வியாழக்கிழமையே வந்துவிட்டது. படித்த உடனே புரிந்துவிட்டது. ஆபீஸ் அறையில் போன் இருக்கிறது. அவசரம் என்றால் மதர் தருவார். அவர் அறை வாசல் வரை போனேன். யாருக்குப் போன் என்று கேட்பார். லாய்ட் உனக்கு யார் என்று கேட்பார். நான் இங்கே வந்த நாளில், என் மனதில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். வாசலிலிருந்து திரும்பி வந்தேன். மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுத மட்டும் அனுமதி கேட்டேன்.

ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

நீ அடித்ததும் என் பென்சிலால்தான். மாமியிடம் இதைச் சொல்லாதே. இல்லை, சொல்லிவிடு.

பெட்டி


மைசூரு
9 நவம்பர் 2025

அன்புள்ள பெட்டி,

உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து அண்ணன் போட்டோவுக்குப் பின்னால் வைத்தாள். "அந்தப் பொண்ணு சாப்பிடுதான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

இப்போது இன்னொன்று நடக்கிறது. விசாரணை அதிகாரி முன்னால் பசவராஜ் சாரும் மேடமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். குழாய் நல்ல நிலையில் இருந்தது. கிளாம்ப் சாதாரணமாகப் போடுவதுதான். ஆபரேட்டர் அனுமதியில்லாமல் அழுத்தத்தை ஏற்றினார். இருவர் சொன்னதிலும் ஒரு வார்த்தை வித்தியாசம் இல்லை. மூன்று வருடச் சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

அதிகாரி மினிட்ஸ் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "பைப் பலவீனமா இருந்ததுன்னு எங்கேயும் இல்லையே" என்றார். இருக்காது. நான்தான் வைக்கவில்லையே. மேடம் புன்னகையோடு என்னைப் பார்த்தார்.

மதன் பேச மாட்டேன் என்கிறான், அவனுக்குக் குழந்தை. ராணி அக்கா கான்ட்ராக்ட் ஆள், அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போன ஞாயிறு கோயிலில் ஒரு அம்மாள் என் அம்மாவிடம், "உங்க மகன்தான் பிரஷரை ஏத்தினானாமே, பாவம்" என்றாள். அம்மா அதற்குப் பிறகு பூசைக்கு வரவில்லை.

கம்பெனியில் என்னிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். "மினிட்ஸ் முழுமையானது, அதில் இல்லாத எதுவும் கூட்டங்களில் பேசப்படவில்லை." இருபத்தெட்டாம் தேதி விசாரணைக்குள் கையெழுத்து வேண்டும். போட்டால் எல்லாம் அண்ணன் தலையில் முடியும். போடாவிட்டால், ஏன் எழுதவில்லை, யார் சொல்லி அடித்தாய் என்று என்னைக் கேட்பார்கள். நான் ஆதாரம் இல்லாமல் நிற்பேன். அப்பா ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வாயைத் திறந்தார். "போனவன் போயிட்டான். நீயாவது நிம்மதியா இரு. போட்டுடு" என்றார். இதைச் சொல்லிவிட்டு அழுதார்.

என் கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றனவா?

ஜோவிதா


ஏற்காடு
20 நவம்பர் 2025

அன்புள்ள ஜோவி,

இன்று ஞாயிறு இல்லை. யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை.

கையெழுத்துப் போடாதே.

உன் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் கடிதங்கள் மூன்றும் தபால் முத்திரை விழுந்த உறையோடு என்னிடம் இருக்கின்றன. அவர்கள் பேசியது அதில் அப்படியே இருக்கிறது, தேதியோடு. டிசம்பர் எட்டாம் தேதி எங்களுக்கு வார்த்தைப்பாடு, துறவற வாக்குறுதி கொடுக்கும் நாள். அதற்கு முன்னால் வீட்டுக் கடிதங்களைத் தோட்டத்தில் எரிப்பது இங்கே வழக்கம். போன வாரம் மற்றவர்கள் எரித்தார்கள். நான் தரவில்லை. மதர் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், வாசல் வரை வந்து திரும்பிப் போனதையும் சேர்த்து. நான் மைசூருக்குப் போக வேண்டும் என்றும் சொன்னேன். அவர், இந்த நேரத்தில் வெளியே போனால் இந்த வருடம் வார்த்தைப்பாடு கிடையாது, அடுத்த வருடம் உண்டா என்பதையும் சபைதான் முடிவு செய்யும் என்றார். சரி மதர் என்றேன்.

கடிதங்களைத் தபாலில் அனுப்ப மாட்டேன். தபாலை ஒரு தடவை நம்பியது போதும். நானே கொண்டுவருகிறேன். செவ்வாய்க்கிழமை சேலத்திலிருந்து பஸ், மாலை மைசூரில் இருப்பேன். என் கடிதங்களையும் நீ எடுத்து வை, மாமியிடம் இருப்பதையும் கேட்டு வாங்கு. ஒரு வரியைக்கூட மறைக்க வேண்டாம். நீ எதை அடித்தாய், யார் அடிக்கச் சொன்னது, யார் போன் செய்யாமல் இருந்தது, எல்லாவற்றையும் அதிகாரி படிக்கட்டும். நம்மை ஏசுவார்கள். ஏசத்தான் வேண்டும். ஆனால் அழுத்தத்தை ஏற்றச் சொன்னது யார் என்பதும் அதில்தான் இருக்கிறது.

மாமாவிடம் கோபப்படாதே. அவரால் இன்னொரு பிள்ளையையும் இழக்க முடியாது, அதனால் அப்படிச் சொல்கிறார். மாமியிடம், சாப்பிடுகிறேன் என்று சொல். ஊருக்கு வந்ததும் முதலில் கல்லறைக்குப் போக வேண்டும், நீ கூட வா. தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி முதலில் என்னைக் கூப்பிடச் சொல். லாய்ட் உங்களுக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்பார். மாமா மகன், எனக்கு அத்தான் முறை என்று சொல்வேன். அதற்கு மேல் கேட்டால் அதற்கும் பதில் சொல்வேன்.

பெட்டி